படுக்கையிலிருந்து நாற்காலிக்கு

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "சரி" என்கிறார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து நான் வாங்க முடியாத ஒரே சொல் அது. இப்போது அது ஒன்றுதான் மிச்சம். பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றால் அதற்கும் சரி. கோபம் வந்தால் "சரி சரி சரி" என்று மூன்று தடவை. மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடி பட்டிருக்கிறது, மற்றபடி நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும் என்று டாக்டர் சொன்னார். அதில் எனக்கும் சந்தேகமில்லை. என் தங்கையைப் பற்றி நான் போனில் குறை சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி வருகிறதே, அதைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

அவருக்கு வலது கையும் வலது காலும் போயின. எனக்கு இடது கால். இரண்டு பேரையும் ஒட்டுப் போட்டால் ஒரு முழு ஆள் தேறும் என்று ஆரம்பத்தில் நானே ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அடிப்பதில்லை.

என் வலிக்கு டாக்டர் வைத்த பெயர் சயாட்டிகா. கேட்டால் யாரோ நடனக்காரியின் பெயர் போல இருக்கிறது. வீட்டுக்கு வந்து தங்கினால்தான் அவள் குணம் தெரியும். முதுகுத்தண்டின் அடியில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற வட்டு பிதுங்கி, காலுக்கு இறங்குகிற நரம்பை அழுத்துகிறதாம். பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, ரெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். வீட்டில் எழுபத்தெட்டு கிலோவில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று சொன்னேன். அப்படியா என்று மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

நான் பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவள். எது வந்தாலும் எங்கே புறப்படுகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே நிற்கும் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அதனால் வலி வந்த முதல் வாரமே அதன் பாதையைக் கண்டுபிடித்துவிட்டேன். இடது பிட்டத்தின் நடுவில் புறப்படும். தொடையின் பின்பக்கமாக இறங்கும். முழங்காலுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்கும். அங்கிருந்து கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகப் போய், பாதத்தின் மேல் ஏறி, கட்டைவிரலில் முடியும். இருமினால் எக்ஸ்பிரஸ். தும்மினால் நடுவில் எங்கேயும் நிற்காது. உட்கார்ந்தால் அதிகம், நடந்தால் கொஞ்சம் குறைவு. தரையில் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிப் போட்டால்தான் மனுஷி மாதிரி மூச்சு விட முடியும். இரண்டு வாரமாகக் கட்டைவிரலில் வலியே இல்லை. பாதத்தின் மேல் லேசாக மரத்திருந்தது, அவ்வளவுதான். கடைசி நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள், இனி ஒவ்வொன்றாகக் குறையும் என்று சந்தோஷப்பட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். வேறு ஊரில் வேலை. கெட்டவள் இல்லை, பயந்தவள். போனில் அவள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. உன் இடுப்பு எப்படி இருக்கு?"

"இடுப்பு இடத்துல இருக்கு."

"விளையாடாதம்மா. அப்பாவைத் தூக்கறப்ப நீ விழுந்தா ரெண்டு பேருக்கும் யாரு இருக்கா?"

அவள் விசாரித்து ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவர் பெயரைப் பதிந்து வைத்திருந்தாள். இப்போது அங்கே ஒரு படுக்கை காலியாகிவிட்டது. நான் முடியவே முடியாது என்று கத்தினேன். கடைசியில் ஆஸ்பத்திரியின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவு நடுவில் வந்து ஒரு வழி சொன்னது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு நர்ஸ் வருவார். அவர் பார்க்க, நான் ஒருத்தியாக என் கணவரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்குப் பத்திரமாக மாற்றிக் காட்ட வேண்டும். காட்டினால் அவர் வீட்டிலேயே இருக்கலாம், வாரம் இரண்டு நாள் உதவிக்கு ஆள் வரும். காட்ட முடியாவிட்டால் இல்லம்.

அந்த இல்லத்துக்கு நேர் பஸ் கிடையாது. இதை நான் சொன்னால் நம்பலாம். இரண்டு பஸ் மாறி, இறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அது போகட்டும். என் அக்கா வீட்டுக்காரர் "ஒரு மாசம்தானே" என்று சிரித்துக்கொண்டே அப்படி ஓர் இடத்துக்குப் போனவர். நாலு வருஷம் இருந்து அங்கேயே முடிந்தார். அக்காவும் முதலில் தினமும் போனாள், பிறகு வாரம் ஒரு தரம், பிறகு நல்ல நாளுக்கு. அவளைக் குறை சொல்லவில்லை. மனுஷர்கள் அப்படித்தான் ஆகிப்போவார்கள், நானும் ஆகிவிடுவேன், அதுதான் எனக்குப் பயம்.

எனக்கு இருந்த இன்னொரு தலைவலி அவருடைய இடது கை.

மற்ற நேரத்தில் அது சாதுவாக இருக்கும். நான் அவரைத் தூக்கப் போனால் போதும், ஆட ஆரம்பித்துவிடும். ஆட்காட்டி விரலைக் கீழே நீட்டி வட்டம் போடுவார். செருப்பு கேட்கிறார் என்று செருப்பைக் கொண்டு வந்தேன். தரை அழுக்கு என்கிறாரோ என்று, இந்தக் காலை வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். உள்ளங்கையைக் கவிழ்த்து இப்படியும் அப்படியும் வீசுவார். ஈ என்று நினைத்தேன். கையை நீட்டி இடது பக்கம் காட்டுவார். அந்தப் பக்கம் ஜன்னல். திறந்தேன், அதே கை. மூடினேன், அதே கை. "உங்களுக்கு என்னதான் வேணும்" என்று கத்தினால் "சரி சரி சரி" என்பார். மகளிடம் சொன்னபோது, "அது தானா ஆடுதும்மா, நரம்புக் கோளாறு" என்றாள். நானும் அதை நம்பி, அந்தக் கையை என் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் அவரைத் தூக்குவேன். இல்லாவிட்டால் என் மூக்கில் இடிக்கும்.

திங்கட்கிழமை காலை அவர் உடம்பைத் துடைக்க ஒரு வாளி வெந்நீர் கொண்டு வந்தேன். அவர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலருகே வாளியை வைக்கக் குனிந்தேன். அந்த விரல் கீழே பார்த்து வட்டம் போட்டது. வாளி தரையைத் தொட்டதும் உள்ளங்கை கவிழ்ந்து ஒரு வீச்சு வீசியது.

நான் அப்படியே நின்றேன். வாளியை மறுபடி தூக்கினேன். விரல் இப்போது மேலே பார்த்து வட்டம் போட்டது. வாளியை இறக்கினேன். விரல் கீழே. தரை. உள்ளங்கை. வாளி இல்லாமல் வெறும் கையோடு குனிந்து நிமிர்ந்தேன். கை அசையவில்லை. "கிறுக்குப் பிடிச்சிருச்சா இவளுக்கு" என்பது போல் அவர் என்னைப் பார்த்தார். ஒரு செய்தித்தாளைத் தூக்கிக் காட்டினேன், ஒன்றுமில்லை. மர நாற்காலியைத் தூக்கினேன், விரல் உடனே எழுந்தது. தண்ணீர் ஆறிப்போனது. வலி போகவில்லை, இடுப்பில் தன் பாட்டுக்கு இருந்தது. எனக்குத்தான் அதைக் கவனிக்க நேரமில்லை.

பாரம் இருந்தால் கை பேசுகிறது. பாரம் இல்லையென்றால் பேசுவதில்லை. இது தானாக ஆடுகிற கை இல்லை.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் துறைமுகத்தில் வேலை என்று சொல்வேன். இன்னும் கேட்டால், கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுவார் என்பேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. எப்படிக் காட்டுவார், யாருக்குக் காட்டுவார், எதற்குக் காட்டுவார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஊரில் போகிற வருகிற அத்தனை பேர் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், இன்னொரு கேள்வியைக் காதால் கேட்கவும் பிடிக்காது, வாயால் கேட்கவும் பிடிக்காது. அவரும் சொல்கிற ஆள் இல்லை. வாளிக்கு முன்னால் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் போனைத் தேடி எடுத்து, அவரோடு வேலை பார்த்த கிரேன் ஓட்டுகிறவர் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து வந்தார். நல்ல உயரம், எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைந்தார். கூச்ச சுபாவம். கட்டிலருகே நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள், ஒருவர் தரையில், ஒருவர் முப்பது மீட்டர் உயரத்தில்.

"அண்ணே, ஒரு நிமிஷம் இதைப் பாருங்க," என்று சொல்லி நான் மர நாற்காலியைத் தூக்கினேன்.

என் கணவரின் விரல் மேலே வட்டம் போட்டது. கிரேன்காரரின் இரண்டு கையும் தாமாக முன்னே வந்து, இல்லாத லீவர்களைப் பிடித்தன. உள்ளங்கை கவிழ்ந்தது. கிரேன்காரரின் கை நின்றது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இவன் மூஞ்சியைவிடக் கையைத்தான் எனக்கு நல்லாத் தெரியும் தங்கச்சி," என்றார். "மேல இருந்து பார்த்தா தொப்பியும் கையும்தான் தெரியும். ஒரு எழுத்து மறக்கலை. அப்படியே இருக்கு."

"என்ன சொல்றார்னு சொல்லுங்க."

"நீ அவனைத் தூக்கிக் காட்டு. நான் சொல்றேன்."

வழக்கம் போல் சக்கர நாற்காலியை அவருடைய வலது பக்கம் போட்டேன். அங்கேதான் இடம் விசாலம். இடது கை உடனே ஜன்னலைக் காட்டியது.

"இடது பக்கம் திருப்புங்கறான். நாற்காலி அந்தப் பக்கம் வரணும். நல்ல கால் இருக்கற பக்கம்."

மூன்று மாதமாக நான் ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக அவரைச் செத்த கால் பக்கமாகவே இழுத்து, அவர் எடை முழுவதையும் என் இடுப்பில் வாங்கிக்கொண்டிருந்தேன். அதையும் அவர் சொல்லாமல் இல்லை, ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார். சொன்ன கையை நான் கக்கத்தில் இடுக்கியிருந்தேன். கிரேன்காரர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பிறகு சமையலறையில் டீ குடித்தபடி அவர் எனக்குப் பாடம் எடுத்தார். விரல் மேலே என்றால் தூக்கு. விரல் கீழே என்றால் இறக்கு. கை நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. பெருவிரல் மேலே என்றால் கிரேனின் கழுத்தை உயர்த்து. நான் விடவில்லை. காற்று அடித்தால் என்ன செய்வார், கண்ணில் வெயில் பட்டால் என்ன செய்வார், பாரம் கனமாக இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"கனம்னா பெரிய கொக்கி," என்று கிரேன்காரர் முஷ்டியை மடக்கி உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினார். "கிரேன்ல ரெண்டு கொக்கி உண்டு. சின்னது வேகமா ஏறி இறங்கும். ஆனா கனம் தாங்காது. இந்தப் பாரம் சின்னதுக்கு ஆகாது, பெரிய கொக்கியில மாத்துன்னு சொல்றதுக்கு இப்படித் தலையைத் தொடணும்."

"நல்ல வேளை, இதை அவர் வீட்டுல காட்டலை. காட்டியிருந்தா என்னைக் கட்டிக்கிட்ட தலையெழுத்தை நினைச்சு அடிச்சுக்கிறார்னு சண்டைக்குப் போயிருப்பேன்."

அவர் சிரித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார்.

"ஒண்ணு மட்டும் மறக்காத தங்கச்சி. கை காட்டறவன் ஒருத்தன்தான். மேல இருக்கறவன் அவனைத் தவிர வேற யார் கையையும் பார்க்கக் கூடாது. ஆனா நிறுத்துன்னு யார் காட்டினாலும் நிறுத்தணும். டீ கொண்டு வர்றவன் காட்டினாலும் நிறுத்தணும். ஏன் எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம். உள்ளங்கை கவிழ்ந்தா, நின்னுடணும்."

புதன்கிழமை முழுவதும் நாங்கள் ஒத்திகை பார்த்தோம். அவர் காட்டினார், நான் செய்தேன். நாற்காலியை இன்னும் ஒட்டி. பிரேக். அவர் பாதங்களைப் பின்னால் தள்ளி வை. அவர் தலை முன்னால் சாய்ந்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை பொறு. இப்போது விரல் மேலே. அவருடைய நல்ல கால் தரையை உதைத்தது. எழுபத்தெட்டு கிலோவில் பாதியை அவரே கொண்டு வந்தார். மூன்று மாதமாகத் தூங்குகிறவரைத் தூக்குவது போல் தூக்கியிருக்கிறேன், அவர் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நாலாவது தடவை நாற்காலியில் பூப்போல் உட்கார்ந்தார். வலி முழங்காலோடு நின்றுவிட்டது.

"இத்தனை வருஷம் இப்படித்தான் அந்தக் கிரேன்காரரை ஆட்டி வச்சீங்களா?" என்றேன். "பாவம் அந்த மனுஷன்."

அவர் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு என் கணவரோடு பேசியது போல் இருந்தது. அப்படிச் சொன்னால் போதாது. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் நான் அவர் சொல்வதைக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, அந்தப் படுக்கையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல் என்றேன். முதல்ல நாளைக்கு நர்ஸ் வந்து பார்க்கட்டும்மா என்றாள்.

வியாழன் பத்து மணிக்கு நர்ஸ் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு கோப்பு, கழுத்தில் மூக்குக் கண்ணாடி. நான் மாத்திரை போட்டு, உடைக்குள் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, வாசல் வரை நேராக நடந்து போய்க் கதவைத் திறந்தேன். இடுப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"நான் இல்லைன்னு நினைச்சுக்கங்க அம்மா. எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க," என்று சுவரோரம் நின்றார்.

நாற்காலி இடது பக்கம், ஒட்டி. பிரேக். பாதங்கள் பின்னால். என் கணவர் காட்டக் காட்ட நான் செய்தேன். நர்ஸின் புருவம் உயர்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். கணவரின் தலை முன்னால் சாய்ந்தது. விரல் மேலே வட்டம் போட்டது. எழுந்தார். அழகாக எழுந்தார். எனக்கு வலிகூட இல்லை. இனி ஒரே ஒரு திருப்பு, உட்கார வைத்தால் முடிந்தது.

அவர் உள்ளங்கை கவிழ்ந்தது.

"ஏங்க, இன்னும் ஒரு திருப்புதான்," என்று அவர் காதில் சொன்னேன்.

உள்ளங்கை மறுபடி வீசியது. என் கண்ணுக்கு நேராக, பெரிதாக. எல்லாம் சரியாக இருக்கிறது, நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு விநாடியில் ஜெயித்துவிடுவேன், இந்த மனுஷன் இப்போது வந்து முட்டுக்கட்டை போடுகிறாரே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் நிறுத்தினேன். அவரைக் கட்டிலிலேயே திரும்ப இறக்கினேன்.

"என்னங்க?" என்றேன்.

அவர் விரல் கீழே நீண்டது. வட்டம் போடவில்லை. என் காலைக் காட்டிக்கொண்டு நின்றது.

குனிந்து பார்த்தேன். என் இடது செருப்பு இரண்டடி தள்ளிக் கிடந்தது. அது எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை. பாதம் உள்பக்கமாக மடிந்து, அதன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாதத்தின் மேல் இரண்டு பேர் எடையையும் வைத்துத் திரும்பியிருப்பேன்.

நர்ஸ் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார், என் கணவருக்காகப் போட்ட நாற்காலியில். மற்றக் கால் செருப்பையும் கழற்றச் சொல்லி, என் முன்னால் மண்டியிட்டார்.

"விரலை மேல தூக்குங்க அம்மா. ரெண்டு காலையும்."

வலது விரல்கள் எழுந்தன. இடது விரல்களைத் தூக்கு தூக்கு என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவை யாருடைய விரல்களோ போல் கிடந்தன.

"எத்தனை நாளா மரத்திருக்கு?"

"ரெண்டு வாரம். வலி குறையுதுன்னு நினைச்சேன்."

"வலி குறையலை. நரம்பு வேலையை விட்டுக்கிட்டு இருக்கு." கோபமில்லாமல்தான் சொன்னார். "இன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். நாளைக்கு இல்லை, இன்னிக்கு. ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம். லேட்டானா இந்தப் பாதம் இப்படியே நின்னுடும். இன்னும் ரெண்டு மூணு மாசத்துக்கு நீங்க ஒரு வாளியைக்கூடத் தூக்கக் கூடாது."

அவர் போனில் யார் யாரிடமோ பேசினார். எனக்கு வண்டி ஏற்பாடு செய்தார். மகளிடம் பேசினார். நான் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கோப்பைத் திறந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"இதுல அவர் விருப்பத்தை எழுதணும். அவருக்கு எல்லாம் புரியுதுன்னு டாக்டர் குறிச்சிருக்கார். அவர் வேண்டாம்னா இல்லத்துக்கு அனுப்ப முடியாது. வீட்டுலயே முழு நேரத்துக்கு ஆள் போடப் பார்க்கணும். கஷ்டம்தான், ஆனா கேட்டுப் பார்க்கலாம்." என் கணவர் பக்கம் திரும்பினார். "ஐயா, அம்மா கால் குணமாகற வரைக்கும் இல்லத்துல போய் இருக்கீங்களா?"

"சரி," என்றார் என் கணவர்.

நர்ஸுக்கு விஷயம் தெரியும். பேனாவை வைக்கவில்லை. "இல்ல, வீட்டுலயே இருக்கீங்களா?"

"சரி."

"ஐயா, எப்படியாவது காட்டுங்களேன்."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இடது கை மெல்ல மடியிலிருந்து எழுந்தது, விரல்கள் மடங்கின. முஷ்டி உச்சந்தலையைத் தொட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

நர்ஸின் முகம் வாடிப்போனது. "பாவம், தலையில அடிச்சுக்கிறார். போக மாட்டேங்கறார், இல்லையாம்மா?"

நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நர்ஸே எழுதிவிடுவார். அந்த அறையில் இருந்த மூன்று பேரில் அந்தக் கையைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், படித்ததும் நேற்று முன்தினம்தான். அக்கா வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வண்டி ஏறியது ஞாபகம் வந்தது. இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எங்கேயும் அனுப்பமாட்டேன் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. முஷ்டி தலையிலேயே இருந்தது. நான் எடுத்துச் சொல்லும்வரை இறக்கப் போவதில்லை என்று தெரிந்தது.

"இல்லை சிஸ்டர்," என்றேன். "போறேங்கறார்."

"நிச்சயமாவா?"

"இந்தப் பாரம் இவளுக்கு ஆகாது, பெரிய இடத்துல மாட்டுங்கறார். அவர் வேலையில அதுக்கு இதுதான் கை. நிச்சயமா."

முஷ்டி இறங்கியது. நர்ஸ் எழுத ஆரம்பித்தார். பேனாச் சத்தம் கேட்டது.

"சிஸ்டர், இன்னொண்ணும் சொல்றார். அதையும் எழுதுங்க."

"சொல்லுங்க."

"அவ கால் ஊன்றின மறுநாள் வீட்டுக்கு வந்துடுவேன்னு சொல்றார். அங்கேயே இருக்க மாட்டேங்கறார். வருஷக் கணக்கெல்லாம் ஆகாதுன்னு."

நர்ஸ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவுக்கும் ஒரு கை இருக்காம்மா?"

"இருக்கு," என்றேன்.

அப்படி ஒரு கை கிடையாது. கிரேன்காரரிடம் நான் அத்தனையும் கேட்டு வைத்திருந்தேன். நர்ஸ் குனிந்து எழுதினார். என் கணவர் நினைத்திருந்தால் நிறுத்து என்று காட்டியிருக்கலாம். நர்ஸ் அந்த வரியை எழுதி முடிக்கும்வரை நான் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியிலேயே இருந்தது.